கடைக்கால் எவ்வளவு ஆழம்? ஐந்தடியா, எட்டடியா?

பிப்ரவரி 9 (கேள்வி)

கீழும் மேலுமாக இரண்டு தளம் கட்டப் போகிறேன். அஸ்திவாரத்துக்கு மேஸ்திரி ஐந்தடி போதும் என்கிறார். வரைபடம் போட்டவர் எட்டடி என்கிறார். இன்னொருவர், ‘கம்பியைக் கூட்டிப் போடு, ஆழத்தைக் குறைத்துக்கொள்ளலாம்’ என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பிப்ரவரி 9, இரவு

மூன்று பேரும் மண்ணைப் பார்க்காமல் சொல்லியிருந்தால் மூன்று பேர் பேச்சையும் கேட்காதீர்கள்.

ஆழம் என்பது எண் இல்லை. கெட்டி மண் எங்கே வருகிறதோ அதுதான் ஆழம். நான் இருபத்தெட்டு வருஷம் சைட்டில் சூப்பர்வைசராக நின்றவன். என் சோதனை ஒன்றுதான்: கடப்பாரையை ஓங்கிப் போடு. ‘சொத்’ என்றால் இன்னும் தோண்டு, ‘டங்’ என்றால் நிறுத்து. என் சொந்த வீட்டுக்கு ஐந்தரை அடியில் ‘டங்’ கேட்டது, நிறுத்தினேன். இருபது வருஷம் ஆகிறது, சுவரில் ஒரு கீறல் இல்லை.

கம்பி கூட்டுவது பற்றி நாளை எழுதுகிறேன். அது தனிக் கூத்து.

பிப்ரவரி 10

கம்பி. ஒரு தூண் 40 டன் இறக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே மண் சதுர மீட்டருக்கு 20 டன் பாதுகாப்பாகத் தாங்கும். 40ஐ 20ஆல் வகுத்தால் 2 சதுர மீட்டர். பக்கத்துக்கு 1.42 மீட்டர் உள்ள சதுர ஃபுட்டிங் (தூணின் அடியில் பாரத்தைப் பரப்பும் கான்கிரீட் பாதம்). அதே தூண், மண் 10 டன்தான் தாங்கும் என்றால் 4 சதுர மீட்டர், பக்கம் 2 மீட்டர். இந்தக் கணக்கில் கம்பி எங்காவது வந்ததா? வராது. மண்ணுக்குத் தெரிவது பாரமும் பரப்பும்தான். உள்ளே எட்டு எம்.எம். கம்பி கிடக்கிறதா பதினாறு கிடக்கிறதா என்று அது எட்டிப் பார்க்காது.

கம்பி ஃபுட்டிங்குக்காக. மண் கீழிருந்து மேலே தள்ளுகிறது, தூண் நடுவில் அழுத்துகிறது, தூணுக்கு வெளியே நீட்டியிருக்கும் நான்கு பக்கமும் மேல்நோக்கி வளையப் பார்க்கும். அப்போது இழுபடுவது அடிப்பக்கம். அதனால்தான் கம்பி வலை, அதாவது ஜாலி, அடியில் உட்காருகிறது. தடிமன் வேறு காரணத்துக்கு: மெல்லியதாகப் போட்டால் தூண் அப்பளத்தில் விரல் குத்துவது போலக் குத்திக்கொண்டு இறங்கிவிடும்.

பிப்ரவரி 10, அரை மணி கழித்து

கணக்கில் ஃபுட்டிங்கின் சொந்த எடையையும் அதன் மேல் நிரப்பும் மண்ணையும் விட்டுவிட்டேன். வழக்கமாகப் பத்து சதவீதம் சேர்த்துக்கொள்வோம். 44 டன், 2.2 சதுர மீட்டர், பக்கம் 1.48. ஒன்றரை மீட்டர் என்று போட்டுக்கொள்ளுங்கள். பத்து டன் மண்ணுக்கு 2.1 மீட்டர். இதைச் சுட்டிக்காட்டியவருக்கு ஒரு கும்பிடு. இருபத்தெட்டு வருஷம் என்று மார் தட்டிய மறுநாளே இப்படியா என்று கேட்டதற்கும் சேர்த்துத்தான்.

பிப்ரவரி 12

‘கெட்டி மண் வந்தால் நிறுத்து’ என்று எழுதியது ராத்திரி உறுத்தியது. கெட்டி மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அந்தக் கடப்பாரை சொல்லுமா?

சதுர ஃபுட்டிங் தரும் அழுத்தம், அதன் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழம் போன பிறகுதான் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. ஒன்றரை மீட்டர் ஃபுட்டிங் என்றால் அதற்குக் கீழே மூன்று மீட்டர் வரைக்கும் மண் வேலை செய்கிறது. ஃபுட்டிங்குகள் நெருக்கமாக இருந்தால் அழுத்தங்கள் ஒன்றோடொன்று கலந்து, மொத்தக் கட்டடமும் ஒரே பெரிய பாதம் போல இன்னும் ஆழத்துக்கு அழுத்தும். நம் கடப்பாரை பார்ப்பது முக்கால் அடி.

இதைப் படிப்பிக்க ஒரு கட்டடமே சாய்ந்து காட்டியிருக்கிறது. கனடாவில் வின்னிபெக் பக்கத்தில் டிரான்ஸ்கோனா என்ற இடத்தில் தானியக் கிடங்கு, ராஃப்ட் அடித்தளம் (மொத்தக் கட்டடத்துக்கும் அடியில் ஒரே கான்கிரீட் பலகை). 1913 அக்டோபரில் தானியம் நிரப்பிக்கொண்டிருக்கும்போதே இறங்கத் தொடங்கி, ஒரு நாளுக்குள் ஏறத்தாழ 27 டிகிரி சாய்ந்து நின்றது. கான்கிரீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுதான் வேடிக்கை. மேல் களிமண் கெட்டி, அதில் செய்த சோதனையும் நல்லபடியாகத்தான் வந்தது. அடியில் இருந்த இளகிய களிமண்ணை அந்தச் சோதனை தொடவே இல்லை. பிறகு பாறை வரை தூண்கள் இறக்கி, நிமிர்த்தி, மறுபடி பயன்படுத்தினார்கள்.

30 சென்டிமீட்டர் தகடு வைத்துப் பாரம் ஏற்றிப் பார்க்கும் சோதனையும் இதே கதைதான். அதன் கண் அறுபது சென்டிமீட்டர் ஆழம் வரைதான் தெரியும்.

பிப்ரவரி 13

‘வானம் தோண்டுவது’ என்று சொல்வீர்களா எனக் கேட்டவருக்கு: ஆமாம், எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கடைக்காலுக்கு எடுக்கும் பள்ளத்துக்குப் பெயர் வானம். தலைக்கு மேலே இருப்பதற்கும் காலுக்குக் கீழே வெட்டுவதற்கும் ஒரே பெயர் எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். புதிதாக வந்த பையனிடம் ‘வானத்தில் இறங்கு’ என்றால் அவன் முழிப்பான், அது ஒரு காலம். (சைட்டில் தூணை, அதாவது column-ஐ, ‘காலம்’ என்போம். இங்கே அது இல்லை.)

பிப்ரவரி 21

பள்ளம் வெட்டும்போது நினைவில் வைக்க வேண்டியது, கேட்டவருக்காக. ஒரு கன மீட்டர் மண் சுமார் ஒன்றே முக்கால் டன் வரும். நெஞ்சளவு பள்ளத்தில் குனிந்து வேலை செய்கிறவர் மேல் அரை கன மீட்டர் சரிந்தாலும் அவ்வளவுதான். நாலைந்து அடிக்கு மேல் போனால் சரிவாக வெட்டுங்கள், அல்லது பலகை கொடுத்து முட்டுப் போடுங்கள். வெட்டிய மண்ணைக் கரையிலேயே குவிக்காதீர்கள்.

இனி என் பாவக்கணக்கு. ஒரு சைட். வானம் வெட்டி, அடி சமம் செய்து, மறுநாள் பி.சி.சி. (ஃபுட்டிங்குக்கு அடியில் போடும் கம்பியில்லாத மெல்லிய கான்கிரீட்) போட வேண்டும். ராத்திரி மழை. காலையில் பள்ளத்தில் முழங்கால் தண்ணீர். மோட்டார் வைத்து இறைத்தோம். அடியில் கணுக்கால் அளவு சேறு. சேற்றை வழித்தெடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். கான்கிரீட் வண்டி வாசலில் சுற்றிக்கொண்டு நிற்கிறது, ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்க்கிறார்கள். ‘போடுப்பா’ என்றேன்.

ஒரு வார்த்தை. அந்த மூலை இரண்டு வருஷத்தில் விரல் அளவு இறங்கியது. ஜன்னல் சட்டம் கோணிக்கொண்டது. அந்த வீட்டுக்காரர் ஆசாரியைத்தான் திட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை.

அதிகம் தோண்டிவிட்டால் வெட்டிய மண்ணையே போட்டுத் திமிசால் இடித்துச் சமன் செய்வதும் இதே வகைத் தப்புதான். குறைந்த இடத்தைச் சிமெண்ட் குறைத்த கான்கிரீட்டால் நிரப்புங்கள்.

பிப்ரவரி 22

பி.சி.சி. பாரம் தாங்கவா என்று ஒரு கேள்வி. முக்கியமாகத் தாங்க இல்லை. கம்பி கட்ட, அளவு குறிக்க, சுத்தமான மட்டமான தரை. கான்கிரீட்டின் பாலை மண் குடித்துவிடாமல் ஒரு தடுப்பு. அதன் மேல் 50 மி.மீ. கவர் பிளாக் (கம்பிக்கு அடியில் வைக்கும் சிறு கான்கிரீட் கட்டை) வைத்து ஜாலியைத் தூக்குங்கள். மண்ணோடு நேராக ஒட்டி வார்த்தால் 75. செங்கல் துண்டையோ ஜல்லியையோ முட்டுக் கொடுக்காதீர்கள். செங்கல் ஈரத்தைக் கம்பி வரைக்கும் கூட்டிக்கொண்டு போகும்.

மார்ச் 4

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் வீட்டில் வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தினார்கள். பின்னால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலே ஓடுகிறது ஒரு விரிசல். புதிதில்லை. உள்ளே ஒட்டடை இருக்கிறது. பீரோ பன்னிரண்டு வருஷமாக அங்கேதான். ‘ஒரு கீறல் இல்லை’ என்று இங்கே எழுதியதை என் மனைவியிடம் பெருமையாகப் படித்துக் காட்டியிருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பீரோவை மட்டும் பார்த்தார்.

மேலே 3 மி.மீ., கீழே வரவர மெலிந்து மயிரிழை. மேலே அகலமாக இருந்தால் வெளி மூலை இறங்குகிறது என்று அர்த்தம். நடுப்பாகம் இறங்கினால் கீழே அகலமாகும். ஆக என் வடமேற்கு மூலை இறங்குகிறது. ஐந்தரை அடி, ‘டங்’ என்ற சத்தம், எல்லாம் சேர்ந்து.

ஆழம் போதவில்லை. ஏழடி போயிருக்க வேண்டும். முதல் குறிப்பில் நான் சொன்னதை அந்த அளவுக்குத் திருத்திக்கொள்ளுங்கள்.

மார்ச் 5

நிறைய ஆறுதல்கள், அதைவிட நிறையச் சிரிப்புகள். சரி.

மொத்த வீடும் சமமாக இரண்டு அங்குலம் இறங்கினால் வாசற்படி தாழும், குழாய் இணைப்பு இழுக்கும், சுவர் விரியாது. ஒரு மூலை மட்டும் அரை அங்குலம் இறங்கினால் விரியும். ஆறு மீட்டர் தூரத்துக்குள் 20 மி.மீ. வித்தியாசம், அதாவது முந்நூறில் ஒரு பங்கு வந்தால் பூச்சும் சுவரும் விரிசல் விடத் தொடங்கும் என்பது பழைய கணக்கு. எவ்வளவு இறங்குகிறது என்பதைவிட எவ்வளவு ஏறுமாறாக இறங்குகிறது என்பதுதான் கேள்வி. வரைபடம் போடுகிறவர் ஒவ்வொரு தூணுக்கும் வேறு வேறு அளவு ஃபுட்டிங் போடுவது அதற்காகத்தான், கோணல் புத்தியால் இல்லை. நடுத்தூணுக்குப் பாரம் அதிகம், மூலைத்தூணுக்குக் குறைவு. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு போட்டால் நடு அதிகம் இறங்கும்.

விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவிட்டேன். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒட்டியிருக்கிறேன். அசைந்தால் உடையும்.

ஏப்ரல் 17

கண்ணாடி உடைந்தது. 3.5 மி.மீ.

மே 2

‘பைல் போட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை’ என்றவருக்கு. பைல் என்பது மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண், மந்திரக்கோல் இல்லை. பாரத்தை ஆழத்தில் உள்ள கெட்டி அடுக்கில் நுனியால் இறக்கும், அல்லது தன் பக்கவாட்டு உராய்வால் மண்ணில் பிடித்துக்கொள்ளும், பெரும்பாலும் இரண்டும். சுற்றிலும் புதிதாக நிரப்பிய மண் இருந்தால் அந்த மண் இறங்கும்போது பைலையும் கீழே இழுக்கும். அப்போது உராய்வு தாங்குவதற்குப் பதிலாகத் தொங்குகிறது. இரண்டு தளத்துக்கு நல்ல மண் கிடைத்தால் தனி ஃபுட்டிங்கே தாராளம். நல்ல மண் இல்லையென்றால் அப்புறம் பேசுவோம்.

ஜூன் 11

இத்தாலியின் சாய்ந்த பைசா கோபுரத்தைப் பேச்சில் இழுத்துவிட்டார்கள், நானும் போகிறேன். 1173ல் தொடங்கினார்கள். மூன்று நிலை எழும்பியபோதே சாயத் தொடங்கியது, 1178 வாக்கில் வேலை நின்றது, ஏறக்குறைய நூறு வருஷம். அந்த நிறுத்தம்தான் அதைக் காப்பாற்றியது. நிற்காமல் கட்டியிருந்தால் அடியில் உள்ள களிமண் பிளந்து கவிழ்ந்திருக்கும். இடைவெளியில் களிமண் தண்ணீரைக் கசியவிட்டு இறுகிக்கொண்டது.

மணல் பாரம் ஏறியதும் இறங்க வேண்டியதை இறங்கிவிடும். களிமண் அப்படி இல்லை. அதன் துளைகளில் உள்ள தண்ணீர் வெளியேறினால்தான் இறங்கும், தண்ணீர் வெளியேற வருஷக்கணக்கு ஆகும். இதைக் கணக்காக எழுதி 1925ல் டெர்சாகி என்ற பொறியாளர் புத்தகம் போட்டார், மண் இயந்திரவியல் என்று ஒரு துறை உருவானது அதிலிருந்து.

1990ல் கோபுரத்தை மூடி, கடைசியில் நிமிர்த்தியது எப்படி என்றால், உயர்ந்து நின்ற வடக்குப் பக்கத்தின் அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை எடுத்தார்கள். அந்தப் பக்கம் இறங்கியது, சாய்வு அரை டிகிரி குறைந்தது. 2001ல் திறந்தார்கள். தாழ்ந்த பக்கத்தைத் தூக்கவில்லை, உயர்ந்த பக்கத்தைத் தாழ்த்தினார்கள்.

என் வீட்டுக்கும் அதையே செய்யலாமே என்றவர் நேரில் வந்து மண்வெட்டியைப் பிடிக்கவும்.

ஜூலை 30

4 மி.மீ. மழையில்லாத மாதங்கள். மூலைக்கு வெளியே தரையில் விரல் நுழையும் வெடிப்புகள். அதைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் நின்றேன்.

அந்த மூலையிலிருந்து ஐந்து மீட்டரில் ஒரு மரம். பதினைந்து வருஷத்துக்கு முன்பு நான் நட்டது, நிழலுக்கு.

செப்டம்பர் 26

நான்கு வாரம் விடாத மழை. இன்று அளந்தேன்: 1.5 மி.மீ.

விரிசல் மூடிக்கொண்டு வருகிறது. இறங்கிய மூலை மேலே வருகிறது! மண் தாங்காமல் இறங்கிய வீடு மழைக்குத் தானாக எழும்பாது. மார்ச் 4ல் நான் எழுதிய ‘ஆழம் போதவில்லை, இறங்குகிறது’ என்ற தீர்ப்பு பாதிக்கு மேல் தப்பு. இது பாரத்தால் வந்ததே இல்லை. களிமண் காய்ந்தால் சுருங்குகிறது, நனைந்தால் உப்புகிறது, வீடு அதன் மேல் மூச்சு விடுகிறது.

செப்டம்பர் 29

மூலையில் ஐந்தடி ஆழத்து மண்ணை எடுத்து, காயவைத்து, நுணுக்கிச் சலித்து, பத்துப் பத்து கிராமாக இரண்டு அளவு ஜாடியில் போட்டேன். ஒன்றில் மண்ணெண்ணெய் (அதில் மண் உப்பாது), ஒன்றில் தண்ணீர். ஒரு நாள் விட்டேன். மண்ணெண்ணெயில் 10 மி.லி., தண்ணீரில் 17. எழுபது சதவீதம் உப்பல். ஐம்பதைத் தாண்டினாலே எச்சரிக்கையாக இரு என்பார்கள்.

இப்போது அந்த ‘டங்’குக்கு வருகிறேன். நான் வானம் வெட்டியது நடுக்கோடையில். கடப்பாரை துள்ளியது, கை அதிர்ந்தது, பாறை மாதிரி மண் என்று கொண்டாடினேன். காய்ந்த களிமண் பாறை மாதிரிதான் சத்தம் போடும். மூன்று மாதம் கழித்து அதே குழியில் அதே கடப்பாரையைப் போட்டிருந்தால் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியிருக்கும். அந்த நாளின் ஈரத்தைக் கேட்டுவிட்டு மண்ணின் குணத்தைக் கேட்டதாக நினைத்திருக்கிறேன், இருபத்தெட்டு வருஷமாக, எத்தனை பேர் வீட்டுக்கோ.

அக்டோபர் 1

மேலே எழுதியது கொஞ்சம் அதிகம் என்கிறார்கள். இருக்கலாம். செம்மண்ணிலும் கிராவலிலும் கடப்பாரை பெரிதாக ஏமாற்றாது. களிமண்ணில்தான் ஏமாற்றும்.

முறையான சோதனையில் 63.5 கிலோ சுத்தியலை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 45 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். முதல் 15ஐ விட்டுவிட்டு அடுத்த 30க்கான எண்ணிக்கையை எழுதுவார்கள். ஆழம் போகப் போகத் திரும்பத் திரும்ப. முக்கியமான விஷயம், குழாய்க்குள் மண் மாதிரியும் வந்துவிடும். அதை ஆய்வகத்தில் நனைத்துப் பார்க்கலாம். என் கடப்பாரை மாதிரி எடுத்துக் கொடுத்ததில்லை.

அக்டோபர் 3

உப்பும் மண்ணில் என்ன செய்வது என்று நாலு பேர். ஈரம் பருவத்துக்குப் பருவம் மாறும் ஆழத்தைத் தாண்டிப் போக வேண்டும், பெரும்பாலும் மூன்று, மூன்றரை மீட்டர். அதற்குத்தான் அடியில் குமிழ் விட்ட பைல்: தண்டைப் போல் இரண்டரை மடங்கு விட்டத்தில் குமிழ், மண் உப்பி மேலே தள்ளினாலும் நங்கூரம் போலப் பிடித்துக்கொள்ளும். மேலே ஓடும் பீமுக்கும் மண்ணுக்கும் நடுவில் இடைவெளி விட வேண்டும். விடாமல் மண் மேலேயே வார்த்துவிட்டால், பைலால் தடுத்த உப்பலைப் பீம் வழியாக உள்ளே கூப்பிட்டது போல ஆகும். வீட்டைச் சுற்றி ஒன்றரை, இரண்டு மீட்டருக்குத் தளம் போட்டு, மழைத் தண்ணீரைச் சுவரோரம் நிற்கவிடாமல் வெளியே தள்ளுங்கள். மரத்தைத் தள்ளி நடுங்கள்.

அக்டோபர் 4

மரத்தை வெட்டுங்கள் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். நானும் அரிவாள் வரைக்கும் போனேன். பிறகு யோசித்தேன்: அது பல வருஷமாக உறிஞ்சி வறட்டிய களிமண். உறிஞ்சுவது திடீரென நின்றால் மண் வருஷக்கணக்கில் ஈரம் ஏறி உப்பும், இந்த முறை மூலை மேலே போகும். விரிசல் தலைகீழாக வரும். வருஷத்துக்கு ஒரு பங்கு கிளை கழித்து, தண்ணீர் குடிப்பதைப் படிப்படியாகக் குறைக்கப் போகிறேன். மாடித் தண்ணீர் இறங்கும் குழாயும் அதே மூலையில்தான் கொட்டிக்கொண்டிருந்தது. அதை நேற்றே நீட்டி மாற்றிவிட்டேன்.

நவம்பர் 18

பிப்ரவரியில் கேட்டவர் மண் சோதனை அறிக்கையைப் போட்டிருக்கிறார். மூன்று துளை. இரண்டில் ஐந்தடியிலிருந்தே நல்ல கிராவல். மூன்றாவதில் ஏழடி வரைக்கும் உடைந்த ஓடும் குப்பையும், பழைய கிணற்றையோ குட்டையையோ மூடியிருக்கிறார்கள்.

ஐந்தடி என்ற மேஸ்திரியும் சரி, எட்டடி என்றவரும் சரி, மனையின் வேறு வேறு மூலையில். அந்த மூலைத் தூணை மட்டும் கிராவல் வரை இறக்குங்கள், எட்டடி ஆகும். பக்கத்து ஃபுட்டிங்குக்கும் அதற்கும் உள்ள மட்ட வித்தியாசம் இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தில் பாதியைவிடக் கூடுதலாக வேண்டாம். நெருங்கினால் மேலே உள்ளதன் பாரம் கீழே உள்ளதன் மேல் இறங்கும். தாழ்வான குழியை முதலில் வெட்டி முடியுங்கள். தூண்களை பிளிந்த் பீமால் (தரைமட்டத்தில் தூண்களை இணைத்து ஓடும் பீம்) இறுக்கிக் கட்டுங்கள். வரைபடம் போட்டவரிடம் இந்த அறிக்கையைக் கொடுத்து மறுபடி போடச் சொல்லுங்கள், என் வார்த்தையை நம்பி வெட்டாதீர்கள். என் பீரோ விஷயம் தெரியும்தானே.

நவம்பர் 19

அவர் கேட்கிறார்: நாளை அந்தக் குழியில் மழை வந்தால்?

வண்டியைத் திருப்பி அனுப்புங்கள்.

டிசம்பர் 2

1.2 மி.மீ. பீரோவைப் பழைய இடத்தில் வைக்க மனைவி சம்மதிக்கவில்லை. விரிசல் கண்ணுக்குத் தெரியட்டுமாம். தேதி எழுதச் சுவரில் இன்னும் இரண்டு விரற்கடை இடம் இருக்கிறது.